பானெட்டில் தெரிகிற மலை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் பொன்னேரி கூட்ரோட்டில் நின்று டீ குடித்துப் பாருங்கள். ஏலகிரிக்கு ஏறுகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டை வைத்தே அந்த வாரம் பெங்களூர்க்காரர்களுக்கு நீண்ட விடுமுறையா, சென்னைக்காரர்களுக்கா என்று சொல்லிவிடலாம். பெங்களூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 230. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மலை, அதில் 14 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் சூடா இட்லி வடை. கார்ப் பைத்தியங்களுக்கு வேறென்ன வேண்டும்? இருட்டில் கிளம்புகிறார்கள். அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் ஆம்பூர் தாண்டும்போது வெளுக்கிறது. எட்டு மணிக்குள் அத்தனாவூர் பக்கம் வண்டிகளை வரிசை கட்டி நிறுத்திவிடுகிறார்கள். பேனர் கிடையாது, மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான் அமைப்பு.

எனக்குப் பிழைப்பு கல்யாண போட்டோ. திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவேன். இதில் காசு பெரிதாகக் கிடையாது. ஆனால் கார் கண் சிமிட்டாது. குரூப் போட்டோவில் கடைசி நிமிடத்தில் பெரியப்பா ஓடிவந்து நடுவில் நிற்க மாட்டார். மண்டபத்து ட்யூப்லைட் கிடையாது. இது போதாதா?

அங்கே வருகிற தம்பிகள் எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது; பாதிப் பேரிடம் என்னுடையதைவிட நல்ல கேமராவே இருக்கிறது. இருந்தும் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணா, நான் எடுத்தா மட்டும் ஏன்ணா செகண்ட்ஸ்ல விக்கப்போற வண்டி மாதிரியே வருது?” ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதல் விஷயம். கார் பெயின்ட் என்பது ஒரு கண்ணாடி. நிறத்துக்கு மேலே பளபளவென்று ஒரு கிளியர் கோட் அடித்திருக்கிறார்கள் இல்லையா, அது எதிரே இருப்பதையெல்லாம் வாங்கித் திருப்பித் தருகிறது. ஒரு கறுப்பு செடானை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் படம் எடுக்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் எடுப்பது எதிர்ச் சுவர், பக்கத்து வண்டி, மின்கம்பம், மேலே வானம், நடுவில் குனிந்து நிற்கிற உங்களையே. கறுப்பு வண்டியில் ‘கறுப்பு’ என்று தனியாகப் படம் எடுக்க ஒன்றுமே இல்லை. சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் வண்டியின் நிறம். வெள்ளை அம்பாசடர் இதில் கொஞ்சம் தப்பிக்கும். சில்வர் மெட்டாலிக் பாதி தப்பிக்கும். கறுப்பும் கருநீலமும் தப்பவே தப்பாது.

இதை ஒருமுறை கண் பிடித்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடும். எந்த லென்ஸ், எந்த செட்டிங் என்பதெல்லாம் அப்புறம். வண்டி எதைப் பார்த்து நிற்கிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்டல் பார்க்கிங்கில் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்து நின்றால், கதவு முழுக்க யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து கோணல்மாணலாக ஓடும். அதே வண்டியை இருபது அடி நகர்த்தி, எதிரே வெட்டவெளியும் தூரத்தில் மலைவிளிம்பும் இருக்கிற மாதிரி நிறுத்திப் பாருங்கள். பானெட்டின் மேல்பாதி வானமாகவும் பக்கவாட்டு அடிப்பாதி இருண்ட மலையாகவும் பிரிந்துவிடும். இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு, ஹெட்லைட்டில் தொடங்கி டெயில்லைட் வரை ஓடும். வண்டியை வரைந்தவன் தகட்டில் போட்ட வளைவு என்னவென்று அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு யோகம் உண்டு. திருப்பத்தூர் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே ஜவ்வாது, வடக்கே ஏலகிரி. எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயின்டில் விழுவதற்கு ஏதாவது ஒரு மலை கிடைக்கும். பெங்களூரிலிருந்து 160 கிலோமீட்டர் ஓட்டிவந்துவிட்டு, பெங்களூர் பேஸ்மென்ட் பார்க்கிங் மாதிரியே ஒரு சுவரோரம் பார்த்து நிறுத்தி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தது எதற்கு?

மலைப்பாதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவு என்றாலே ரோடு அப்படியே திரும்பி எதிர்த்திசைக்குப் போகிறது. அதனால் ஒரு வளைவுக்கு முன்னால் முகத்தில் அடித்த வெயில், வளைவு தாண்டியதும் பின்பக்கம் அடிக்கும். நடுவில் ஒரு நொடி பக்கவாட்டில் வரும். ஒரே சூரியனை வைத்துக்கொண்டு 14 தடவை வெவ்வேறு வெளிச்சம். ஸ்டுடியோவில் இதற்கு எவ்வளவு லைட் ஸ்டாண்டு தூக்க வேண்டும் தெரியுமா? எந்த வளைவில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் என்று ஒரு தடவை சும்மா ஏறி இறங்கிக் குறித்துவைத்துக்கொண்டால் அந்த சீசன் முழுக்க உதவும்.

ஏலகிரி வளைவுகளுக்குப் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது, பலகையைப் பார்க்காமலே கியர் மாற்றிப் போய்விடுகிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், அவ்வையார் என்று புலவர்கள். மேலே போகப் போகப் பாரி, ஓரி, அதியமான் என்று வள்ளல்கள். எனக்குப் பிடித்தது பாரி வளைவு. முல்லைக்கொடிக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்து போனவர். கதவில் ஒரு கோடு விழுந்ததற்கு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடக்கிற நம் ஆட்கள் அந்தப் பெயரைத் தாண்டித்தான் ஏறுகிறார்கள்.

சரி, வருகிற வண்டிகளுக்கு வருவோம்.

புதுசாக வருகிற பெரிய எஸ்யூவிகளை நான் அவ்வளவாக எடுப்பதில்லை. அவற்றை அந்தந்தக் கம்பெனிகளே நன்றாக எடுத்துக்கொள்கின்றன. எனக்கு வேண்டியவை, நம் பக்கத்தில் செய்து நம் பக்கத்திலேயே ஓடித் தேய்ந்த வண்டிகள். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் போட ஆரம்பித்த மிட்சுபிஷி லான்சர். மறைமலை நகரிலிருந்து 1999-இல் வந்த ஃபோர்டு ஐகான். ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்த பிறகு ஐகான், ஃபியஸ்டா வைத்திருப்பவர்கள் வண்டியைக் குழந்தையைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்தாலும் நாலு ஊர் தேட வேண்டுமே. கான்டெஸா வந்தால் கூட்டம் தானாக விலகி வழி விடும். 1984 முதல் 2002 வரை வந்த வண்டி. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் உடம்பு. நீளமான பானெட், சதுரமான முகம். அதைக் குனிந்து, ஹெட்லைட் உயரத்துக்கு இறங்கி எடுத்தால் போதும், வில்லன் வந்து இறங்குகிற மாதிரி தானாக வந்துவிடும்.

ஆனால் மனசைக் கொள்ளை கொள்வது ஸ்டாண்டர்டு ஹெரால்ட்தான். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை செய்த வண்டி. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. நாலு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் வந்தது, ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் அது பிறந்த இங்கிலாந்தில்கூடக் கிடையாது. ஒரு பெரியவர் கொண்டுவருவார். வெளிர்நீலம். கிளியர் கோட் என்கிற சங்கதியே வராத காலத்து பெயின்ட் என்பதால் அதன் பளபளப்பு வேறு. நேராகக் கண்ணாடி மாதிரி காட்டாது. மலையைக் கரைத்து, ஓரங்களை மழுக்கி, ஒரு பச்சை நிழலாக மட்டும் வாங்கிக்கொள்ளும். கதவுக் கைப்பிடிக்குக் கீழே, நகம் பட்டுப் பட்டு, பெயின்ட் தேய்ந்து பிறை வடிவில் அடிப்பூச்சு தெரியும். அந்தப் பிறையின் அளவைப் பார்த்தாலே தெரியும், பாதிக்கு மேல் அது ஒரு பெண்ணின் கை. “வீட்டம்மா ஓட்டினதுதான் சார் ஜாஸ்தி” என்றார் பெரியவர். “ஸ்கூல் டீச்சர். சேலை முந்தானைய இடுப்புல செருகிட்டு உக்காந்தாங்கன்னா, நான் பக்கத்து சீட்டுல கப்சிப்.”

ஹெரால்டின் பானெட் வழக்கமான பானெட் இல்லை. ஹெட்லைட், இரண்டு பக்க மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். என்ஜின், முன்சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் திறந்த வெளியில் நிற்கும். எல்லோரும் அதை முன்னால் நின்று எடுப்பார்கள்; முன்னால் நின்றால் தெரிவது கவிழ்ந்த தகட்டின் மேல்முதுகு மட்டுமே. பக்கவாட்டில் வாருங்கள். சக்கரத்துக்கு நேராக மண்டியிடுங்கள். அந்தப் பெரியவரை ஃபேன் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லக்கூட வேண்டாம், பானெட்டைத் திறந்தால் எந்த ஓனரும் எதையாவது தொட்டுத்தான் பார்ப்பார். காத்திருந்தால் போதும்.

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமானது. வண்டிக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, பின்பக்கம் சுருங்கி, அம்பாசடர்கூட ஆமை மாதிரி தெரியும். பத்து அடி பின்னால் போய் 2எக்ஸ், 3எக்ஸ் போட்டு எடுங்கள். கேமராவில் என்றால் 50 முதல் 135 மில்லிமீட்டர் வரை எதுவானாலும் சரி. வண்டியின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிகிற முக்கால் கோணத்தில் எடுப்பதாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அலாய் வீலின் முகம் கேமராவைப் பார்க்க வேண்டும், டயரின் பட்டன் பார்க்கக் கூடாது. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னதிலிருந்து வண்டிக்குள் இருப்பதெல்லாம் படத்தில் தெரிகிறது. சீட்டில் போட்ட டர்க்கி டவல், டாஷ்போர்டில் டோல் ரசீது, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். டவலை நான் விட்டுவிடுவேன், அது நம் ஊர் அடையாளம். பாட்டிலை எடுக்கச் சொல்வேன்.

போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கார் போட்டோவுக்கு லென்ஸுக்கு அடுத்தபடி காசு போட வேண்டியது இதற்குத்தான். பெயின்ட், கண்ணாடி மாதிரி உலோகம் அல்லாத பரப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை இது வடிகட்டும். பரப்போடு சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது நன்றாக வேலை செய்யும். மெதுவாகத் திருகிக்கொண்டே வ்யூஃபைண்டரில் பாருங்கள், முன்கண்ணாடியில் மறைத்துக்கொண்டிருந்த வானம் விலகி, உள்ளே ஸ்டியரிங் தெரியும். குரோம் பம்பரில் மட்டும் ஜம்பம் சாயாது, ஏனென்றால் அது உலோகம். குரோம் பம்பரும் வீல் கப்பும் உங்களைக் காட்டிக்கொடுத்தே தீரும்; அதற்கு ஒரே மருந்து கறுப்புச் சட்டை. மஞ்சள் டி-ஷர்ட்டில் வந்து அம்பாசடர் பம்பரை எடுத்தால், படம் முழுக்க ஒரு மாம்பழம் நகர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று. போலரைசர் போட்டால் பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒரு வடிவம் தெரியும். “என்னங்க இது கறை?” என்று ஓனர் பதறுவார். கறை இல்லை. கண்ணாடியைச் சூடாக்கி, காற்றடித்துக் குளிரவைத்து இறுக்கும்போது உள்ளே தங்கிவிட்ட அழுத்தம் அது. முன்கண்ணாடி இரண்டு தகடு ஒட்டிய வேறு ரகம், அதில் இப்படி வராது. அந்தப் புள்ளி பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரைக் கொஞ்சம் திருகுங்கள். ட்ரைபாட் இருந்தால் இரண்டு படம் எடுங்கள், ஒன்று முன்கண்ணாடி தெளிவாக இருக்கிற மாதிரி, ஒன்று பானெட்டில் மலை நன்றாக விழுகிற மாதிரி. பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். முழுக்க முழுக்கப் பிரதிபலிப்பை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் வண்டி பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். நான் சொல்லிக்கொண்டே வருகிற மலையும் போய்விடும்.

ஓடுகிற வண்டியை எடுப்பது தனிக் கலை. வேகமான ஷட்டர் வைத்தால்தான் தெளிவு என்று நினைத்து 1/1000 வைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். வளைவில் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் போனால், நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். 1/1000 நொடியில் அது நகர்வது எட்டு மில்லிமீட்டர். சக்கரம் நின்றுவிட்ட மாதிரி தெரியும், நடுரோட்டில் ஆளோடு பார்க் செய்த மாதிரி. 1/40 வைத்தால் அதே வண்டி 20 சென்டிமீட்டர் நகரும். மாருதி 800-இன் 12 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.6 மீட்டர் போகும் என்றால், ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு சுற்றியிருக்கும். கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பினால் உடம்பு தெளிவாகவும், சக்கரமும் பின்னால் இருக்கிற மரமும் இழுபட்டும் வரும்.

இதற்கு வளைவின் உள்பக்கம்தான் சரியான இடம். வட்டத்தின் நடுவில் நீங்கள், உங்களைச் சுற்றி வண்டி. தூரம் மாறாது, கோணமும் மாறாது. அதனால் முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை ஒரே தெளிவில் கிடைக்கும். நேர்ரோட்டின் ஓரத்தில் நின்றால் நடுக்கதவு மட்டும் தெளிவாக இருந்து முனைகள் குழம்பும். ஆனால் உள்பக்கம் என்றால் ரோட்டின் உள்ஓரம் இல்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம், சரிவில் ஏறி நில்லுங்கள். இறங்கி வருகிற பஸ் வளைவில் எவ்வளவு உள்ளே வெட்டும் என்று ஒரு தடவை பார்த்தால் நான் சொல்லவே வேண்டாம். “ப்ரோ, இன்னொரு தடவை கொஞ்சம் வேகமா வாங்க” என்று சத்தம் போடுகிற வேலையும் வேண்டாம். பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் ஜெயில் வரைக்கும் இடம் இருக்கிறது. ரேஸ் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. வேகத்தை ஷட்டர் காட்டும். வண்டி 30-ல் வந்தால் போதும்.

சிலர் ராத்திரி போட்டோவுக்காக ஜவ்வாது பக்கம் போகலாமா என்று கேட்கிறார்கள். ஆலங்காயம் தாண்டி ஏறினால் இருட்டு நன்றாக இருக்கும், வானம் கொட்டிக் கிடக்கும். ஆனால் அந்த இருட்டுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் உண்டு. காவலூர் வானாய்வகம். சுமார் 725 மீட்டர் உயரத்தில், ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து 1960-களின் கடைசியில் வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி அவர் கனவு. அது முடிவதற்குள் 1982-இல் இறந்துபோனார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அதற்கு அவர் பெயரையே வைத்துத் திறந்தார். ராமானுஜன் என்று பெயர் வைத்த சிறுகோளை 1988-இல் கண்டுபிடித்ததும் காவலூரிலிருந்துதான். அங்கே ஒருவர் எத்தனையோ கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற மினுக்கு வெளிச்சத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது, நாம் போய் எல்ஈடி லைட்பாரைப் போட்டு மலையையே பகலாக்குவது நியாயமா? வேண்டாம். ராத்திரிப் படம் வேண்டுமென்றால் கீழே, ஊர்ப்பக்கம் ஒரு ஏரிக்கரையில் எடுக்கலாம். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 30 நொடி. கையில் ஒரு சின்ன எல்ஈடி குச்சியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஒரே வேகத்தில் நடந்தால் கூரைக் கோடு வெள்ளியாக வரும். கறுப்புச் சட்டை இங்கேயும் உதவும்.

இனி எடிட்டிங். சண்டையே இங்கேதான்.

நான் ரா ஃபைலில் எடுத்து லைட்ரூமில் செய்கிறேன். போனில் எடுப்பவர்களுக்கு ஸ்னாப்சீட் தாராளமாகப் போதும். முதல் வேலை, தள்ளுவது. ஒரு வண்டிக்கு நாலு படத்துக்கு மேல் யாரும் பார்க்கப்போவதில்லை, ஓனரைத் தவிர. அடுத்தது ஒயிட் பேலன்ஸ். காலை வெயிலின் மஞ்சளை முழுக்க எடுத்துவிட்டால் மதியம் எடுத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளை நம்பர் பிளேட் கொஞ்சம் இளஞ்சூடாகவே இருக்கட்டும். சிவப்பு வண்டி என்றால் எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுங்கள். கேமராவில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும், வழிந்த இடத்தில் பானெட்டின் வளைவு எல்லாம் ஒரே தட்டையான பெயின்ட் டப்பாவாகிவிடும். எடிட்டில் அதை மீட்க முடியாது.

பச்சைதான் பெரிய தலைவலி. இன்ஸ்டாகிராமில் சுற்றுகிற ப்ரீசெட் ஒன்றைப் போட்டால் நிழலெல்லாம் கருநீலப் பச்சை, வெளிச்சமெல்லாம் ஆரஞ்சு. துபாய், டோக்கியோ, திருப்பத்தூர் எல்லாம் ஒரே ஊர். ஐப்பசி மழைக்குப் பிறகு ஏலகிரி இளம்பச்சை. சித்திரையில் அது பழுப்பு. இலை உதிர்ந்து, பாறை தெரிந்து, புல் காய்ந்து கிடக்கும். இரண்டையும் ஒரே நீலத்தில் முக்கினால் எப்போது எடுத்தது என்றே தெரியாது. மஞ்சளை ஒரு பொட்டு குறைத்து, பச்சையின் வெளிச்சத்தைச் சற்று இறக்கினால் போதும், வண்டி முன்னால் வந்துவிடும். மலை மலையாகவே இருக்கும்.

அப்புறம் “அதை எடுத்துடுங்கண்ணா” பட்டியல். பெயின்டில் வெயில் படுகிற இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல். அழுக்குத் துணியில் துடைத்துத் துடைத்து வந்தது. அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக் கொடுப்பேன். பின்னால் யாரோ மொபைல் பார்த்துக்கொண்டு நிற்பது, சிகரெட் துண்டு, பாலிதீன் கவர் எல்லாம் போகட்டும். ஆனால் பம்பரில் கட்டிய திருஷ்டிக் கயிறு? ஓசூர்த் தம்பி ஒருவர், நன்றாக மாற்றியமைத்த ஸ்விஃப்ட் வைத்திருப்பவர், முன்பக்கம் எலுமிச்சை மிளகாய் கட்டியிருந்தார். படத்தில் அதை அழிக்கச் சொன்னார்.

“ஏன் தம்பி, வண்டியிலேர்ந்தே அவுத்துடலாமே?”

“ஐயோ, அம்மா திட்டுவாங்கண்ணா.”

“அப்ப படத்துலயும் இருக்கட்டும். அம்மா பாப்பாங்க இல்ல?”

காய்ந்துபோன எலுமிச்சை, கார்பன் ஃபைபர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில். அதைக் கிட்டத்தில் தனியாக ஒரு படம் எடுத்தேன். பானெட்டில் ஆயுத பூஜைச் சந்தனத்தின் மஞ்சள் வட்டமும் அதில் விழுந்தது. அந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். தம்பியின் ஸ்டேட்டஸில் அது வரவில்லை. அவர் அம்மாவின் ஸ்டேட்டஸில் வந்ததாகக் கேள்வி.

இப்போதெல்லாம் பின்னணியையே மாற்றுவது ஒரு விரல் வேலையாகிவிட்டது. வானத்தைச் செவ்வானமாக்கலாம், மலையில் பனி கொட்டலாம். ஒருவர் அத்தனாவூரில் எடுத்த லான்சரைச் சுவிட்சர்லாந்தில் நிறுத்தியிருந்தார். மலை வெள்ளைவெளேர். பானெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் தென்னை மரம். மென்பொருள் பின்னணியை மாற்றியது, பெயின்டுக்குள் இருந்ததை மாற்ற மறந்துவிட்டது. பழைய பொருட்காட்சி ஸ்டுடியோக்களில் அட்டைக் காருக்குள் உட்கார்ந்து, அட்டை விமானத்தில் கையசைத்து எடுத்த படங்கள் ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு குறும்பு இருந்தது, அட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையான வண்டியை உண்மையான மலைக்கு ஓட்டிவந்துவிட்டு அதை அட்டையாக்குவது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஹெரால்ட் பெரியவரின் மகன், கைப்பிடிக்குக் கீழே இருந்த அந்தப் பிறையை அழித்துத் தரச் சொல்லிக் கேட்டார். புதுசு மாதிரி இருக்கட்டும், பிரேம் போட்டு மாட்டப்போகிறோம் என்றார். இரண்டு பிரதியும் அனுப்பினேன். பெரியவர் எதை மாட்டினார் என்று ஊகித்திருப்பீர்கள்; அதனால் சொல்லவில்லை.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இன்ஸ்டாவுக்கு 1080-க்கு 1350 அளவில் நிமிர்த்தி வெட்டினால் திரையை நிறைக்கும். அதை மனசில் வைத்து எடுக்கும்போதே வண்டிக்கு மேலே வானத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். அடுத்தவர் வண்டியைப் பொதுவில் போடும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள், கேட்காமலே. 1989-க்கு முந்தைய எம்.எஸ்., டி.எம். வரிசை நம்பர் இருந்தால் மட்டும் ஓனரிடம் கேளுங்கள்; அவர்களுக்கு வண்டியைவிட அந்த நம்பர்தான் பெருமை, மறைத்தால் கோபித்துக்கொள்வார்கள். வண்டியைக் கீழேயே கழுவிவிட்டு வாருங்கள். மலைமேல் தண்ணீருக்கு ஊர்க்காரர்களே குடத்தோடு நிற்கிற மாதங்கள் உண்டு. மேலே வந்ததும் தூசி தட்ட ஒரு மைக்ரோஃபைபர் துணி போதும்.

ரா ஃபைல் கேட்பவர்களுக்கு: தர மாட்டேன். ஏன் என்பதைக் கமென்ட்டில் கேளுங்கள், சண்டை போடலாம்.